கேப்டன் குரலில் பேசியவன்

கிளீட்டஸ் ஹூபருக்கு எட்டுப் பேர் குரலில் பேச வரும். பாதிரியார், வங்கி மேலாளர், பன்றி ஏலம் விடுகிறவர், சொந்த மாமியார் உட்பட ஏழு குரல்கள் டோரன் ஊருக்குள்ளேயே எடுத்தவை. எட்டாவது குரல், போர்க்காலத்தில் அவன் வேலை பார்த்த சரக்குக் கப்பலின் கேப்டனுடையது. மூக்கடைத்த, கரகரத்த குரல். ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னால் இரண்டு செருமல். அந்தக் கேப்டனை டோரனில் ஒருவரும் பார்த்ததில்லை. ஆனாலும் கல்யாண விருந்தானாலும் அறுவடை விருந்தானாலும் கிளீட்டஸ் எழுந்து இரண்டு தடவை செருமிவிட்டால் போதும், பந்தி முழுக்கச் சிரிப்பு கிளம்பிவிடும்.

சொந்தக் குரலில் பேச மட்டும் அவனுக்கு வராது. நாலு பேர் நடுவில் நின்றால் வார்த்தை தொண்டையிலேயே தங்கிவிடும். அமெரிக்காவில் ஓஹையோ ஆற்றங்கரையில் இருந்த அந்த ஊரின் ஒரே சினிமாக் கொட்டகையில் அவன் படம் ஓட்டுகிறவன். மாடியின் கடைசியில் இருந்த சின்ன அறையில், இரண்டு எந்திரங்களுக்கு நடுவே அவன் பொழுது சுகமாகக் கழிந்தது. வேலைக்கு வந்து பத்து வருஷம் ஆகிறது. அதற்கு முன் மூன்று வருஷம் பசிபிக் கடலில் இருந்தான்.

சண்டைக்குப் போனான் என்று சொல்ல முடியாது. சோப்பு, பூட்ஸ், டின்னில் அடைத்த பீச் பழம், கக்கூஸ் காகிதம் இதையெல்லாம் ஒரு தீவில் ஏற்றி இன்னொரு தீவில் இறக்குகிற கப்பல் அது. எதிரி விமானம் ஒன்றைக்கூட அவர்கள் கண்ணால் கண்டதில்லை. வெயிலும் உப்புக் காற்றும் கேப்டனின் வசவும்தான் அவர்களுக்குக் கிடைத்த போர். கிளீட்டஸ் அங்கே மின்சார வேலை பார்த்தான். ஒலிபெருக்கிகள் அவன் பொறுப்பு.

1955 அக்டோபரில் ஒரு கப்பல் படம் டோரனுக்கு வந்தது. போர்க்காலத்தில், கடற்படைச் சரக்குக் கப்பல் ஒன்றில் நடக்கிற நகைச்சுவை. சிடுமூஞ்சிக் கேப்டன், சலித்துப்போன மாலுமிகள், அவர்கள் செய்கிற குறும்புகள் என்று பெரிய ஊர்களில் ஏற்கெனவே சக்கைப்போடு போட்ட படம். கொட்டகை முதலாளி வைகண்டுக்குத் தலைகால் புரியவில்லை.

"கிளீட்டஸ், நம்மகிட்டயே ஒரிஜினல் மாலுமி இருக்கான்யா! சனிக்கிழமை மத்தியான ஆட்டத்துக்கு முன்னாடி நீ மேடையில ஏறி அந்தக் கூஜா கதையைச் சொல்ற. போஸ்டர்ல போட்டாச்சு."

"மேடையிலயா? எனக்கு வராது சார்."

"நீ எதுக்கு பேசற? கேப்டனைப் பேச விடு!"

சனிக்கிழமை கொட்டகை நிரம்பி வழிந்தது. கிளீட்டஸ் வியர்த்துப் போய் மேடை ஏறினான். செருமினான், இரண்டு தடவை. கீழே ஐந்நூறு பேர் உடனே சிரித்தார்கள். அதன் பிறகு கதை தானாக ஓடியது.

கூஜா கதை இதுதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நான்கு, ஒரு தீவுக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டு இருபது நாள் சும்மா நின்ற காலம். மாலுமிகளுக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. அதிகாரிகளுக்குப் பரிமாறுகிற கறுப்பின ஆள் ஒருவன் பின்பக்கச் சமையல் அறையில் கேப்டனின் வெள்ளிக் காபிக் கூஜாவைத் துடைத்துக்கொண்டிருக்கிறான். கேப்டன் முன்பக்க அறையில் மத்தியானத் தூக்கம். கிளீட்டஸ் பின்பக்க ஒலிபெருக்கிக்கு மட்டும் இணைப்புக் கொடுத்துவிட்டு, கேப்டன் குரலில் செருமுகிறான். "கப்பல் மூழ்குது! எல்லாரும் கடல்ல குதிங்க! இது கேப்டன் உத்தரவு!" மற்ற மாலுமிகள் ஏற்கெனவே பெட்டிகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். அவன் மேல் தளத்துக்கு ஓடிவந்து பார்க்கிறான். ஒரு ஈ காக்கை இல்லை. எல்லோரும் தன்னை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று நினைத்து, கையில் கூஜாவோடு முப்பதடி கீழே கடலில் குதிக்கிறான். கேப்டன் சத்தம் கேட்டு எழுந்து வந்து எட்டிப் பார்த்து...

"'ஏண்டா! என் கூஜா எங்கடா?'" என்று கிளீட்டஸ் கேப்டன் குரலில் முடித்தான்.

கொட்டகை அதிர்ந்தது. முன் வரிசையில் ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வைகண்ட் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

அப்போதுதான் கிளீட்டஸ் தலையைத் தூக்கி மாடியைப் பார்த்தான். பத்து வருஷமாக மாடியிலிருந்து கீழே பார்த்தே பழகியவன், கீழிருந்து மாடியைப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. கறுப்பர்களுக்கென்று ஒதுக்கிய, பக்கவாட்டுப் படி வழியாக ஏறி வருகிற ஆறு வரிசைகளில் அன்றைக்கு ஒன்பது பேர் இருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. கோபமாகக்கூட இல்லை. மழை விடட்டும் என்று கடை வாசலில் ஒதுங்கி நிற்பவர்களைப் போல் பொறுமையாக உட்கார்ந்திருந்தார்கள்.

அவன் அவசரமாக மேடையை விட்டு இறங்கி, மாடி அறைக்குப் போய்ப் படத்தைப் போட்டான்.

ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்தபின், மாடியைப் பெருக்கிக்கொண்டிருந்தார் ஐசம் பிரையர். அறுபதைத் தாண்டிய கறுப்பினத்தவர். கிளீட்டஸ் வேலைக்குச் சேருவதற்கு முன்பிருந்தே அங்கே இருப்பவர். கிளீட்டஸ் அவரை "ஐசம்" என்பான். அவர் அவனை "மிஸ்டர் ஹூபர்" என்பார். ஊர் வழக்கம் அது.

"இன்னிக்கு நல்ல கூட்டம், மிஸ்டர் ஹூபர்."

"ஆமா ஐசம்."

துடைப்பம் இரண்டு இருக்கைகள் தாண்டியது. "அந்த ஆளு பேரு என்ன?"

"எந்த ஆளு?"

"கூஜாவோட குதிச்சாரே, அவர்."

கிளீட்டஸ் வாயைத் திறந்தான். பெயர் வரவில்லை. "அவனை... அதுக்கப்புறம் எல்லாரும் கூஜான்னுதான் கூப்பிட்டோம்."

"அதுக்கு முன்னாடி?"

"ஞாபகம் இல்ல ஐசம். பதினோரு வருஷம் ஆச்சே."

"ஆமா, நாள் ஆச்சு." பாப்கார்ன் குப்பையை ஒரு மூலைக்கு ஒதுக்கினார். "அவருக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாது. அதுதானே கதையில வேடிக்கையே..." என்று ஆரம்பித்தவனுக்குத் தன் காதிலேயே அந்த வார்த்தை விழுந்தது. ஐசம் அவனைப் பார்க்கவில்லை. குனிந்து அடுத்த வரிசையைப் பெருக்கப் போய்விட்டார்.

கதையில் கிளீட்டஸ் என்றைக்குமே சொல்லாத ஒரு பாதி இருந்தது. சொல்லாமல் சொல்லாமல் அவனுக்கே அது மறந்துபோயிருந்தது. அன்று மீண்டும் எழுந்து வந்தது.

அந்த ஆள் பக்கவாட்டில் விழுந்தான். இடது காது தண்ணீரில் அறைபட்டுச் செவிப்பறை கிழிந்தது. மாலுமிகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு கைகள் ஒரு தடவை மேலே வந்து உள்ளே போயின. கிளீட்டஸ்தான் மிதவையைத் தூக்கிப் போட்டு, கயிற்றைப் பிடித்து இழுத்தான். மேலே வந்தபோது காதிலிருந்து ரத்தம் கழுத்து வரை வடிந்திருந்தது. மறுநாள் காலை கேப்டன் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி விசாரித்தார்.

"உன்னை எவன்டா குதிக்கச் சொன்னது?"

"நீங்கதான் சார். உங்க குரல்தான் கேட்டுச்சு."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். கேப்டன் முகம் சிவந்தது. எகத்தாளம் என்று எடுத்துக்கொண்டார். அனுமதி இல்லாமல் கப்பலை விட்டது, கடற்படைப் பொருளைத் தொலைத்தது என்று எழுதி, ஐந்து நாள் தனி அறையில் ரொட்டியும் தண்ணீரும் என்று தண்டனை கொடுத்தார். வரிசையில் ஒருவரும் காட்டிக்கொடுக்கவில்லை. கிளீட்டஸ் ஐந்தடி தூரத்தில் நின்றிருந்தான். ஒரு வார்த்தை போதும்: நான்தான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவனிடம் குரல் இருக்கவில்லை.

படம் இரண்டு வாரம் ஓடியது. ஒவ்வொரு ஆட்டத்திலும் குறும்புக் காட்சி வரும்போது கீழே எழும் சிரிப்பு, அறையின் சின்னத் துவாரம் வழியாக அவன்மேல் வந்து மோதியது. அடுத்த சனிக்கிழமை மேடை ஏற மாட்டேன் என்று வைகண்டிடம் சொன்னான். தொண்டை கட்டிவிட்டது என்று அதற்கும் ஒரு பொய்.

மனைவி வெர்னாவிடம் ஒரு நாள் காலைச் சாப்பாட்டின்போது முழுக் கதையையும் சொன்னான்.

"சின்ன வயசு. எல்லாரும்தான் செஞ்சாங்க. நீதானே அவனைத் தூக்கிவிட்டே?" என்றாள் அவள்.

"ஆமா."

"அப்புறம் கேப்டன்கிட்ட நான்தான்னு சொல்லிட்டியா?"

"இல்ல."

"அஞ்சு நாள்ல ஒரு நாள்கூடவா சொல்லல?"

வெர்னா எழுந்து பாத்திரம் கழுவப் போனாள். பத்து வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவள் அப்படி முதுகைக் காட்டி நின்றதில்லை.

கப்பலில் காயத்துக்குக் கட்டுப்போட்டுவந்த பூன் என்பவனுக்கு, கூஜாவின் பெயரைக் கேட்டு அவன் கடிதம் எழுதினான். மூன்று வாரத்தில் பதில் வந்தது. "கூஜாவா? அவர் பேர் தேடியஸ் கெய்ன்ஸ். லூயிவில்ல துணி வெளுத்து இஸ்திரி போடற கடை வச்சிருக்கார். வருஷா வருஷம் எனக்குக் கிறிஸ்துமஸ் கார்டு போடுவார். போனா என் விசாரிப்பைச் சொல்லு." பூனுக்கு அந்தக் கார்டுகள் வருகின்றன, தனக்கு அந்தப் பெயரே தெரியவில்லை என்பது கிளீட்டஸைக் கூனிக்குறுக வைத்தது.

கொட்டகை மூடியிருக்கிற திங்கட்கிழமை லூயிவில்லுக்குப் பஸ் ஏறினான். வழி முழுக்க, சொல்ல வேண்டியதைச் சொந்தக் குரலில் மனப்பாடம் செய்துகொண்டு போனான்.

கடைக்குள் ஒரே நீராவி. உயரமான, நெற்றி ஏறிய மனிதர் ஒருவர் சட்டைக் கழுத்தை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார். கதவுமணி அடித்ததும் வலது காது வாசல் பக்கம் வரும்படி தலையைத் திருப்பினார். இரண்டு நொடி பார்த்தார். பிறகு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் விரித்தார்.

"ஹூபர்! கயிறு போட்ட ஹூபர்தானே?"

"ஆமா, ஆனா..."

"எலோரா! ஏய் எலோரா, இங்க வந்து யாரு வந்திருக்காங்கன்னு பாரு! நான் சொல்வேன்ல, அந்தக் கப்பல்ல நூத்தம்பது பேர் பல்லைக் காட்டிட்டு நிக்கறப்ப ஒரே ஒரு மனுஷன் கயிறு போட்டான்னு. இவர்தான் அது!"

பின்கட்டிலிருந்து அவர் மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, கிளீட்டஸின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள். "உங்களைப் பாக்காமலே போயிடுவேனோன்னு நினைச்சேன். உக்காருங்க. ஒரு வாய் ஏதாவது சாப்பிடாம போகக் கூடாது."

சர்க்கரைவள்ளிக் கிழங்குக் கேக்கை ஒரு துண்டு வெட்டி வைத்தாள். காபி வந்தது. தேடியஸ் பேசிக்கொண்டே இருந்தார். இடது காது சுத்தமாகக் கேட்காது என்றார். தேவாலயப் பாடகர் குழுவில் இருந்தவர், சுருதி பிடிபடாமல் விட்டுவிட்டாராம். அரசாங்க வேலை ஒன்றுக்கு மூன்று தடவை மனு போட்டார். கடற்படைக் காகிதத்தில் தண்டனை இருக்கிறதே என்று மூன்று தடவையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"போகட்டும். அந்தக் கேப்டனைத்தான் என்னால மன்னிக்கவே முடியல. தானே குதிக்கச் சொல்லிட்டு, மறுநாள் நான் சொல்லவே இல்லன்னு எப்படி முகத்துக்கு நேரா பொய் சொன்னான் பாருங்க! அதை நினைச்சாத்தான் சில சமயம் ராத்திரி எழுந்து உக்காந்துடுவேன். அப்ப எலோரா சொல்லுவா, 'அந்தக் கயிறு போட்டவரை நினைச்சுக்கோ'ன்னு."

கிளீட்டஸ் இரண்டாவது துண்டையும் சாப்பிட்டான். வேண்டாம் என்று சொல்லத் தெரியவில்லை. மனப்பாடம் செய்தது ஒன்றும் நினைவில் இல்லை. எழுந்தான், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றான், தொப்பியை எடுத்தான். எலோரா ஒரு துண்டைக் காகிதத்தில் மடித்து வெர்னாவுக்கு என்று கொடுத்தாள். இப்படியே வெளியே நடந்துவிட்டால் இந்த வீட்டில் அவன் சாகும்வரை நல்லவன். கதவுக் கைப்பிடி வரை போனான். கையில் இருந்த பொட்டலம் இன்னும் சூடாக இருந்தது.

"அது கேப்டன் இல்ல," என்றான்.

தேடியஸ் வலது காதைத் திருப்பினார். "என்ன சொன்னீங்க?"

"ஒலிபெருக்கில பேசினது கேப்டன் இல்ல. நான்."

தேடியஸ் சிரித்தார். "அட போங்க ஹூபர். கேப்டன் குரல் எனக்குத் தெரியாதா? தினமும் மூணு வேளை காபி ஊத்தினவன் நான்."

"நான்தான் மிஸ்டர் கெய்ன்ஸ். அவர் மாதிரி பேசுவேன்."

சிரிப்பு மெல்ல வற்றியது. "எங்க, பேசுங்க."

"வேணாம்."

"பேசுங்கன்னேன்."

கிளீட்டஸ் செருமினான். எத்தனையோ பந்திகளில் தானாக வந்த குரல் அன்றைக்குக் கிணற்றிலிருந்து தண்ணீர் இழுப்பதுபோல் வந்தது. "கப்பல் மூழ்குது. எல்லாரும் கடல்ல..." அதற்குமேல் போகத் தேவை இருக்கவில்லை. தேடியஸின் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது, காலுக்கடியில் தரை சாய்ந்ததுபோல. எலோரா வாயைப் பொத்திக்கொண்டாள்.

நீராவிக் குழாய் மட்டும் உஸ்ஸென்றது.

"அப்ப அந்தாள் பொய் சொல்லல," என்றார் தேடியஸ் கடைசியில். "பதினோரு வருஷமா அவனைத் திட்டியிருக்கேன்."

"என்னை மன்னிச்சிடுங்க."

"வரிசையில எனக்குப் பக்கத்துலதானே நின்னீங்க?"

"ஆமா."

"கயிறு போட்டீங்களே, அது எதுக்கு? பயமா?"

கிளீட்டஸ் உண்மையாகவே யோசித்துப் பார்த்தான். "தெரியல. செத்துட்டா நான்தானேன்னு... அதுவும் இருந்திருக்கும்."

தேடியஸ் தலையை ஆட்டினார். கத்துவார், அடிப்பார் என்று கிளீட்டஸ் எதிர்பார்த்தான். அப்படி ஏதாவது நடந்தால் தேவலை என்றுகூட இருந்தது. அவர் குரல் உயரவே இல்லை. "அந்தக் கப்பல்ல எனக்குன்னு ஒரு மனுஷன் இருந்தான்னு வச்சிருந்தேன். அவனையும் இன்னிக்கு வந்து எடுத்துட்டுப் போறீங்க. மனசுல இருக்கறதை இறக்கி வைக்க வந்தீங்க, இறக்கிட்டீங்க. எங்க இறக்கினீங்கன்னு பாத்தீங்களா?"

"நான் என்ன செய்யணும், சொல்லுங்க. எது சொன்னாலும்."

தேடியஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எலோராதான் பின்கட்டுக்குப் போய்க் கோடு போட்ட காகிதமும் பேனாவும் கொண்டுவந்து இஸ்திரி மேசைமேல் வைத்தாள். சூடு தணியாத துணி விரிப்பு. "இப்ப இங்க சொன்னதை அப்படியே எழுதுங்க. தேதி, கப்பல் பேரு, உங்க பேரு. கடற்படைக்கு அனுப்பறோம். யாரு பேசினது, யாரு வாயை மூடிட்டு நின்னது, ரெண்டும் வரணும்."

கிளீட்டஸ் நின்றபடியே எழுதினான். ஒன்றரைப் பக்கம் வந்தது. சின்னக் குறும்பாகத்தான் செய்தோம் என்று ஒரு வரி எழுதியிருந்தான். எலோரா படித்துவிட்டு அந்த வரியில் விரலை வைத்தாள். அவன் அதை அடித்தான். கையெழுத்துப் போட்டான்.

"போங்க, மிஸ்டர் ஹூபர்," என்றார் தேடியஸ், முகத்தைத் திருப்பாமல். பாதி தேய்த்த சட்டையை மறுபடி விரித்துக்கொண்டிருந்தார்.

அந்த டிசம்பரில் ஊர் மன்றத்து விருந்தில் வழக்கம்போல் "கேப்டன்! கேப்டன்!" என்று மேசையைத் தட்டினார்கள். கிளீட்டஸ் எழுந்தான். தன் சொந்தக் குரலில், திக்கித் திணறி, மீதிப் பாதியைச் சொன்னான். காது, விசாரணை, ஐந்து நாள், தேடியஸ் கெய்ன்ஸ் என்ற பெயர். முதலில் இரண்டு மூன்று பேர், வேடிக்கை இனிமேல்தான் வரும் என்று நினைத்துச் சிரித்துவைத்தார்கள். பிறகு எல்லோரும் தட்டைப் பார்த்தார்கள்.

"சாப்பிடற நேரத்துல இதெல்லாம் எதுக்குப்பா?" என்றார் வைகண்ட்.

அதன்பிறகு யாரும் அவனைக் குரல் காட்டச் சொல்லவில்லை. அவனும் காட்டவில்லை. வழியில் பார்த்தால் வணக்கம் சொல்வார்கள். நின்று பேச மாட்டார்கள். வெர்னா மட்டும் அன்றைக்கு விருந்திலிருந்து திரும்பும்போது அவன் கைக்குள் கை கோத்துக்கொண்டு நடந்தாள்.

கொட்டகையில் ஒரு நாள் "மிஸ்டர் பிரையர்" என்று கூப்பிட்டுப் பார்த்தான். ஐசம் துடைப்பத்தோடு நிமிர்ந்து, கீழே முதலாளி இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்தார்.

"முதலாளி காதுல விழுந்தா வேலை போறது எனக்கு, உங்களுக்கில்ல," என்றார். கொஞ்சம் பொறுத்து, "அவர் பேரு கெடச்சுதா?" என்று கேட்டார்.

"தேடியஸ் கெய்ன்ஸ்."

"தேடியஸ் கெய்ன்ஸ்," என்று ஐசம் ஒருமுறை நிதானமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்.

அடுத்த வருஷக் கடைசியில் லூயிவில்லிலிருந்து ஒரு உறை வந்தது. பெண் கையெழுத்தில் விலாசம். உள்ளே கடற்படைக் கடிதத்தின் நகல்: பரிமாறும் பணியாளர் தேடியஸ் கெய்ன்ஸ்மீது 1944-இல் விதிக்கப்பட்ட தண்டனை, சாட்சியின் எழுத்துமூல வாக்குமூலத்தை ஏற்று, பதிவிலிருந்து நீக்கப்படுகிறது. கிளீட்டஸ் அதை நின்றுகொண்டே மூன்று தடவை படித்தான். பிறகு காகிதத்தின் பின்பக்கத்தைப் பார்த்தான். உறைக்குள் விரலை விட்டுத் துழாவினான். வேறு ஒன்றும் இல்லை. ஒரு வரி, ஒரு வார்த்தைகூட இல்லை.

தான் தேடியது ஒரு நன்றி என்று அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது. சமையலறையில் அப்போது யாரும் இல்லை. இருந்தும் முகம் சூடாகிக் காது வரை சிவந்துபோயிற்று.